எட்டாம் ஹென்றி ராசாவின்ர அந்தப் படம்: எங்கட ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்வியளும் பதிலும்

யாழ்ப்பாணத்தில சித்திரம் படிப்பிக்கேக்க நான் எப்பவும் எடுக்கிற படங்களில ஒண்டு இது. இங்கிலாந்து ராசா எட்டாம் ஹென்றி ரெண்டு காலையும் அகட்டி வைச்சுக்கொண்டு நேரா எங்களைப் பாத்து நிக்கிற படம், ஹன்ஸ் ஹோல்பைன் எண்டவர் 1537 இல கீறினது. வகுப்புப் பிள்ளையள், அவையின்ர தாய் தேப்பன், லண்டனில இருந்து மியூசியத்தில எடுத்த போட்டோவை வாட்சப்பில அனுப்பிற சொந்தக்காரர் எண்டு எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியளைத்தான் கேக்கினம், அதாலதான் ஒரேயடியா இஞ்ச எழுதி வைக்கிறன். கேள்வியளை அவையள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறன்.

ரீச்சர், இந்தப் படத்தின்ர ஒறிஜினல் எங்க இருக்கு?

ஒரு இடத்திலயும் இல்லை. எரிஞ்சு போச்சு. லண்டனில வைட்ஹோல் எண்டு ஒரு பெரிய அரண்மனை இருந்தது, அதில ராசாவின்ர உள்ளறை ஒண்டின்ர சுவரில ஆளுயரத்துக்குக் கீறின படம் இது. 1698 ஜனவரி 4 ஆம் திகதி அந்த அரண்மனையில நெருப்புப் பிடிச்சது, உடுப்புத் தோய்க்கிற பொம்பிளை ஒராள் கரி அடுப்புக்குக் கிட்டத் துணியைக் காயப்போட்டதில தொடங்கினது எண்டு சொல்லுவினம். அரண்மனையில முக்கால்வாசிக்கு மேல போச்சு, விருந்து மண்டபம் ஒண்டுதான் பெருசாத் தப்பினது, அது இண்டைக்கும் நிக்குது. ஹோல்பைன்ர சுவர் தப்பேல்லை.

அதால, புத்தகத்திலயும் இன்டர்நெற்றிலயும் நீங்கள் "ஹோல்பைன்ர ஹென்றி" எண்டு பாக்கிற அந்த முழு உருவப் படம் எல்லாமே கொப்பிதான். இதைக் கேட்டவுடன கனபேருக்கு முகம் வாடிப்போகும். எனக்கு இந்தப் படத்தில பிடிச்சதே இதுதான். 300 வருசத்துக்கு மேலயா இல்லாத ஒரு படத்தை உலகமே அடையாளம் காணுது எண்டால் அது எப்பிடி நடந்தது எண்டு தேடிப் பாக்க வேணுமெல்லோ.

சுவரில ஹென்றி மட்டும்தானோ நிண்டவர்?

இல்லை, நாலு பேர். நடுவில கல்லால கட்டின பெரிய பீடம் ஒண்டு, அதுக்கு இந்தப் பக்கம் மேல் படியில தேப்பன் ஏழாம் ஹென்றி, கீழ்ப் படியில மகன் எட்டாம் ஹென்றி, மற்றப் பக்கம் மேல தாய் எலிசபெத், கீழ எட்டாம் ஹென்றியின்ர அப்போதைய மனிசி ஜேன் சீமோர். பின்னால தூண், வளைவு, சிற்ப வேலைப்பாடு எண்டு அந்தக் காலத்து இத்தாலியப் பாணியில அலங்காரம்.

பீடத்தில லத்தீனில ஒரு பாட்டு எழுதியிருந்தது. அதின்ர கருத்து என்னெண்டால், தேப்பன் பெரியவரோ மகன் பெரியவரோ எண்டு ஒரு போட்டி வைக்கிறது. தேப்பன் உள்நாட்டுச் சண்டையளை முடிச்சு நாட்டுக்கு அமைதி குடுத்தவர், மகன் அதைவிடப் பெரிய காரியத்துக்குப் பிறந்தவர், தகுதியில்லாத ஆக்களைக் கோயில் பீடங்களில இருந்து அகற்றி நல்ல ஆக்களை வைச்சவர், பாப்பரசரின்ர ஆணவம் அவருக்கு முன்னால பணிஞ்சு போச்சு, இப்பிடிப் போகுது. ராசா தன்ர சொந்த அறைச் சுவரில தேப்பனையும் நிப்பாட்டி, தேப்பனைவிட நான் பெரியவன் எண்டு எழுதுவிச்சிருக்கிறார். நாங்கள் எங்கட வீடுகளில தேப்பன்ர படத்தை மாலை போட்டு மேல மாட்டுற ஆக்கள், அதால எங்கட பிள்ளையளுக்கு இது சரியான அதிசயமா இருக்கும். எண்டாலும் ஒண்டைக் கவனியுங்கோ, படத்தில தேப்பனை மேல் படியிலதான் வைச்சிருக்கு, மரியாதை இடம் மாறேல்லை. ஆனா கண் போறது கீழ நிக்கிற மகனிட்டத்தான். அது கீறினவற்ற கெட்டித்தனம்.

இன்னொண்டு, ஏழாம் ஹென்றி செத்தது 1509 இல, அவற்ற மனிசி எலிசபெத் 1503 இலயே போயிட்டா. ஹோல்பைன் முதல் முதல் இங்கிலாந்துக்கு வந்ததே 1526 இல. அப்ப அந்த ரெண்டு பேரையும் அவர் கண்ணால கண்டதே இல்லை, முந்தின படங்களைப் பாத்துத்தான் கீறியிருக்க வேணும். ஆக, அந்த ஒறிஜினல் படத்துக்குள்ளயே பாதி கொப்பிதான்.

ஹோல்பைன் இங்கிலாந்துக்காரரோ?

ஜேர்மன்காரர். அவுக்ஸ்பேர்க் எண்ட ஊரில 1497 இலயோ 98 இலயோ பிறந்து, சுவிஸில பாசல் நகரத்தில தொழில் செய்தவர். தேப்பனும் ஓவியர், அவற்ற பேரும் ஹன்ஸ் ஹோல்பைன்தான், அதால இவரை இளையவர் எண்டு சொல்லுவினம். 1526 இல இங்கிலாந்துக்கு வந்து ரெண்டு வருசம் நிண்டு திரும்பிப் போய், 1532 இல திருப்பி வந்தவர் பிறகு ராசாவுக்கு ஓவியராகி 1543 இல லண்டனிலயே செத்துப் போனார். ராசாவுக்கு மூண்டு வருசத்துக்குக் கொஞ்சம் மேல முந்திப் போயிட்டார். எங்கட சுவிஸ் சொந்தக்காரர் ஆரும் பாசலில இருந்தால், அங்கத்தைய ஓவிய மியூசியத்தில அவற்ற வேறை நல்ல படங்கள் இருக்கு, ஒருக்காப் போய்ப் பாருங்கோ.

ஏன் 1537 இல கீறுவிச்சவர்? அப்ப என்ன விசேஷம்?

அந்த நேரம் ஹென்றிக்கு நல்ல காலம் எண்டு சொல்லேலாது, அதாலதான் படம் தேவைப்பட்டிருக்கு எண்டு நான் நினைக்கிறன். 1534 இல பாப்பரசரோட முறிச்சுக்கொண்டு இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் எண்டு சட்டம் போட்டவர். 1536 ஜனவரியில குதிரையில ஏறி ஈட்டிப் போட்டி விளையாடேக்க மோசமா விழுந்தவர், அதுக்குப் பிறகு கால் புண் அவரை விடவே இல்லை. அதே வருசம் மே 19 இல ரெண்டாம் மனிசி ஆன் பொலினைத் தலை வெட்டுவிச்சு, மே முடிய முந்தி ஜேன் சீமோரைக் கலியாணம் கட்டினவர். அந்த வருசக் கடைசியில வடக்கில பெரிய கிளர்ச்சி. வயசு 45 தாண்டியாச்சு, அரசுக்கு உரிமையான ஆம்பிளைப் பிள்ளை இன்னும் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில ஜேன் வயித்தில பிள்ளை. 1537 ஒக்டோபர் 12 இல எட்வேர்ட் பிறந்தார், தாய் ஒக்டோபர் 24 இல செத்துப் போனா. சுவரில நிக்கிற நாலு பேரில அந்த வருச முடிவில உயிரோட இருந்தது எட்டாம் ஹென்றி ஒராள்தான். இதைத் தெரிஞ்சுகொண்டு அந்தப் படத்தைப் பாக்கேக்க எனக்கு எப்பவும் ஜேன்ர பக்கம்தான் மனம் போகும். அவா கையைக் கோத்துக்கொண்டு பேசாம நிக்கிறா.

தலையில கிரீடம் இல்லை, கையில செங்கோல் இல்லை. பிறகு என்னெண்டு ராசா எண்டு தெரியும்?

நல்ல கேள்வி, இதைக் கேக்கிற பிள்ளை படத்தை வடிவாப் பாத்திருக்கு. நிக்கிற நிலையிலதான் எல்லாம் இருக்கு. தோளின்ர அகலத்தைப் பாருங்கோ, உடுப்புக்குள்ள அடைச்சுத் தைச்ச பஞ்சும் மேலங்கியும் சேர்ந்து மனிசரில காணாத அகலம். காலைச் சேத்து வைக்காம அகட்டி ஊண்டியிருக்கிறார், ஒரு கையில கையுறை, மற்றக் கை இடுப்பில தொங்கிற குத்துவாளுக்குக் கிட்ட. தோளில இருந்து இடுப்புக்கு ஒரு தலைகீழ் முக்கோணம், இடுப்பில இருந்து பாதத்துக்கு இன்னொரு முக்கோணம், ரெண்டும் இடுப்பில சந்திக்குது. அசைக்கேலாது எண்ட எண்ணம் பாக்கிற ஆளுக்குத் தன்ர பாட்டில வந்திடும்.

அதைவிடப் பெரிசு முகம். அந்தக் காலத்தில ஆக்களைக் கீறேக்க பெரும்பாலும் முகத்தைக் கொஞ்சம் பக்கத்துக்குத் திருப்பித்தான் கீறுவினம், ஹோல்பைனும் முதல் மாதிரிப் படத்தில அப்பிடித்தான் கீறினவர். ஆனா சுவரில கீறி முடிக்கேக்க முகம் நேராத் திரும்பியிட்டுது. பக்கத்துக்குப் பாக்கிற ஆளை நாங்கள் ஒளிஞ்சு நிண்டு பாக்கலாம். நேரா எங்களைப் பாக்கிறவருக்கு முன்னால அப்பிடி நிக்கேலாது. எங்கட கோயில்களில கருவறைக்கு நேர நிக்கேக்க வாற உணர்வு தெரிஞ்ச ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

காரல் வான் மாண்டர் எண்ட ஓவியர் 1604 இல ஓவியர்களைப் பற்றி எழுதின புத்தகத்தில இந்தச் சுவர்ப் படத்தைச் சொல்லுறார். ராசா அவ்வளவு கம்பீரமா, உயிரோட நிக்கிற மாதிரி இருந்தபடியால் முன்னால போய் நிக்கிற ஆள் கூனிக்குறுகி ஒண்டுமில்லாமப் போயிடுவாராம். அது ராசாவின்ர உள்ளறை, கண்ட ஆக்களும் போகேலாது, போறதே பெரிய மனிசரும் தூதுவர்மாரும்தான். அவையளைக் குறுக்க வைக்கத்தான் இந்தப் படம்.

பிள்ளையளுக்குக் காட்டுறீங்கள், அந்தக் கால்சட்டை முன்பக்கம் அப்பிடித் தள்ளிக்கொண்டு நிக்குது, அது வேணுமோ ரீச்சர்?

தாய்மார் மெதுவாக் கேக்கிறது. கேக்கிறதில பிழை இல்லை. அது அந்தக் கால ஐரோப்பிய ஆம்பிளையளின்ர உடுப்பில எல்லாரும் போடுற ஒரு பாகம், ராணுவக் கவசத்திலயும் இரும்பால செய்து போட்டிருப்பினம். இந்தப் படத்தில அதைக் கொஞ்சம் எடுப்பாக் காட்டினதுக்குக் காரணம் மேல சொன்னதுதான், ஆண் வாரிசு இல்லாத ராசா, எனக்குப் பிள்ளை பிறக்கும் எண்டு சுவரில சொல்லுறார். நான் வகுப்பில இதை ஒளிக்கிறதில்லை, ரெண்டு வசனத்தில சொல்லிப்போட்டு அடுத்த விசயத்துக்குப் போயிடுவன். பிள்ளையளும் பேசாமக் கேட்டிட்டு இருப்பினம்.

உண்மையிலயே ஆள் இப்பிடியோ இருந்தவர்?

உயரமான ஆள், அது உண்மை. அவற்ற இரும்புக் கவசங்கள் இண்டைக்கும் இருக்கு, அதை அளந்து பாத்து 6 அடிக்கு மேல, 6 அடி 1 அல்லது 2 அங்குலம் எண்டு சொல்லுகினம். ஆனா கவசத்தோட ஒப்பிட்டால் படத்தில காலை நீட்டியிருக்கு எண்டு தெரியுது, நீண்ட கால் இருந்தால்தானே நிக்கிறது எடுப்பா இருக்கும். லண்டன் ரவரில இருக்கிற 1540 ஆம் ஆண்டுக் கவசத்தின்ர இடுப்பு 50 அங்குலத்துக்கும் மேல. படம் கீறி மூண்டு வருசத்துக்குள்ள. புண் வந்த கால் அந்த வடிவான வெள்ளைக் காலுறைக்குள்ள எங்க ஒளிஞ்சிருக்கு எண்டு தேடினாலும் படத்தில காணேலாது. ஹோல்பைன் பொய் கீறினவர் எண்டு சொல்ல நான் வரேல்லை, முகத்தைப் பாருங்கோ, சின்னக் கண், இறுகின சின்ன வாய், தடிச்ச கன்னம், ஒண்டையும் அவர் மறைக்கேல்லை. உடம்பில ராசாவைக் கீறினவர், முகத்தில மனிசனைக் கீறினவர்.

எரிஞ்சு போன படம் இப்பிடித்தான் இருந்தது எண்டு எப்பிடித் தெரியும்?

இதுக்குத்தான் நான் ஆகக் கூட நேரம் எடுக்கிறது. நாலு சாட்சி இருக்கு, நாலும் நாலு விதம், ஒண்டு சொல்லாததை மற்றது சொல்லும்.

முதலாவது, ஹோல்பைன் தன்ர கையால கீறின மாதிரிப் படம். சுவரில கீற முந்தி அதே அளவில பேப்பரில கீறிப் பாப்பினம், அதில இடது பாதி தப்பியிட்டுது, ரெண்டு ஹென்றியும் இருக்கிற பக்கம். பல பேப்பரை ஒட்டிச் சேத்து மையாலும் நீர்வர்ணத்தாலும் கீறினது, உயரம் 257.8 செ.மீ., அகலம் 137.2 செ.மீ., அதாவது எட்டரை அடி உயரம். 1590 இல லம்லி பிரபுவின்ர சொத்துப் பட்டியலில இது இருக்கு, பிறகு டெவன்ஷயர் கோமகன்மாரின்ர குடும்பத்தில கிடந்து, 1957 இல வரிக்குப் பதிலா அரசாங்கம் எடுத்து லண்டன் தேசிய உருவப்பட கலரிக்குக் குடுத்தது. அரண்மனைச் சுவர் போச்சு, வெறும் பேப்பர் 480 வருசத்துக்கு மேல தப்பி நிக்குது. கோடு எல்லாம் ஹோல்பைன்ர கோடு, ஆனா நிறம் பெருசா இல்லை, முகம் பக்கத்துக்குப் பாக்குது.

ரெண்டாவது, ரெமிகியஸ் வான் லீம்புட் எண்டவர் 1667 இல ரெண்டாம் சார்ள்ஸ் ராசா சொல்லிக் கீறின சின்னக் கொப்பி. உயரம் 88.9 செ.மீ., அகலம் 99.2 செ.மீ. தான். நாலு பேரும், பீடமும், லத்தீன் பாட்டும், அலங்காரமும் முழுசா இருக்கிறது இதிலதான். நெருப்புக்கு 31 வருசம் முந்தி. சார்ள்ஸ் அண்டைக்கு அந்த வேலையைக் குடுத்திராட்டில் ஜேனும் எலிசபெத்தும் எப்பிடி நிண்டவை எண்டு இண்டைக்குச் சொல்ல ஏலாது, பாட்டும் இந்த வடிவில எங்களுக்கு வந்திராது. லீம்புட் பெரிய ஓவியர் எண்டு ஆரும் சொல்லுறதில்லை, முகங்கள் கொஞ்சம் உயிர் குறைவு. ஆனா கலை வரலாற்றில நான் கையெடுத்துக் கும்பிடுற ஆக்களில அவர் ஒராள்.

மூண்டாவது, ஹென்றியை மட்டும் தனியா எடுத்துக் கீறின பெரிய கொப்பியள். லிவர்பூலில வோக்கர் கலரியில இருக்கிறது இதில ஆக நல்லது, கிட்டத்தட்ட 239 செ.மீ. உயரம், ஜேன்ர தமையன் எட்வேர்ட் சீமோர் கீறுவிச்சது எண்டு கருதினம். கேம்பிரிஜ் திரினிட்டி கல்லூரியில ஒண்டு இருக்கு, அந்தக் கல்லூரியை 1546 இல தொடங்கினதே ஹென்றிதான். பெற்வேர்த், சற்ஸ்வேர்த் மாளிகையளிலயும் இருக்கு. இதுகள் நிறம், நகை, துணியின்ர பூவேலை, காலுக்குக் கீழ விரிச்ச துருக்கிக் கம்பளம் எண்டு எல்லாத்தையும் காட்டுது. நேரான முகத்தையும் இதுகளில வடிவாப் பாக்கலாம்.

நாலாவது சின்னப் படம், ஆனா இதுதான் பொக்கிசம். மட்ரிட்டில தைசன் மியூசியத்தில இருக்கு, 28 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம், ஏ4 பேப்பரைவிடச் சின்னன். தலையும் நெஞ்சும் மட்டும், நீலப் பின்னணி, நகைக்கும் உடுப்பின்ர வேலைப்பாட்டுக்கும் உண்மையான தங்கம் பாவிச்சிருக்கு. ஹோல்பைன் தன்ர கையால கீறின ஹென்றியின்ர வர்ண ஓவியத்தில தப்பி இருக்கிறது இது ஒண்டுதான் எண்டு பொதுவா ஏற்றுக்கொண்டிருக்கினம். இது முந்தி இளவரசி டயானாவின்ர பரம்பரை வீட்டில இருந்தது, ஸ்பென்சர் குடும்பத்தின்ர அல்தோர்ப் மாளிகையில, 1934 இல தைசன் குடும்பம் வேண்டினது, 1993 இல ஸ்பெயின் அரசாங்கம் அந்தச் சேகரிப்பையே வேண்டியிட்டுது.

இப்ப கோடுகளைப் பேப்பரில இருந்தும், ஆக்கள் நிண்ட ஒழுங்கை லீம்புட்டில இருந்தும், நிறத்தையும் நேர் பார்வையையும் லிவர்பூலில இருந்தும், தோலின்ர தன்மையை மட்ரிட்டில இருந்தும் எடுத்து மனசுக்குள்ள சேத்துப் பாருங்கோ. அந்தச் சுவர் எங்களுக்கு அப்பிடித்தான் கிடைக்குது, வேற வழி இல்லை.

பேப்பரில கிடந்த படம் சுவருக்கு எப்பிடிப் போனது?

கோட்டு வழியே ஊசியால கிட்டக் கிட்டக் குத்துவினம், அதைச் சுவரில வைச்சுப் பிடிச்சு, மெல்லிய துணியில கட்டின கரித்தூள் பொட்டணத்தால தட்டினால் ஓட்டையளுக்கால தூள் போய்ச் சுவரில புள்ளி புள்ளியா விழும், அந்தப் புள்ளியைச் சேத்துக் கீறுறது. லண்டனில இருக்கிற பேப்பரில இந்த ஓட்டையளை இண்டைக்கும் காணலாம். அந்தக் காலத்து ஓவியர்மார் நல்ல மாதிரிப் படம் பழுதாகாம இருக்க, அடியில வேறை பேப்பரை வைச்சுச் சேத்துக் குத்தி, அந்த அடிப் பேப்பரைச் சுவரில பாவிக்கிறதும் உண்டு. ஹென்றியின்ர முகம் தனிப் பேப்பரில கீறி வெட்டி ஒட்டினது. இதைப் பிள்ளையளுக்குக் காட்டினால் எல்லாருக்கும் ஒரு நிம்மதி, ஹோல்பைனும் வெட்டி ஒட்டித்தான் வேலை செய்தவர் எண்டு.

எல்லாம் கொப்பி எண்டு சொல்லுறீங்கள். கொப்பி எண்டால் மதிப்புக் குறைவுதானே?

இதுக்கு நான் கொஞ்சம் சூடாத்தான் பதில் சொல்லுவன். 1995 இல யுத்தத்தால யாழ்ப்பாணமே இடம்பெயரேக்க கலியாண அல்பத்தையும் அப்பு ஆச்சியின்ர படங்களையும் விட்டிட்டு இரவோட இரவா நடந்த குடும்பங்கள் எங்கட ஊரில எத்தினை. பிறகு கனடாவில மாமி வீட்டில கிடந்த ஒரு பிரதியை ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லி, ஸ்ரூடியோவில குடுத்துப் பெருப்பிச்சு, பிரேம் போட்டு மாட்டியிருக்கினம். வீட்டுக்கு வாற ஆரும் அதைப் பாத்துக் கொப்பி எண்டு சொல்லுறதில்லை, அப்பு எண்டுதான் சொல்லுகினம். ஹென்றியின்ர படமும் அப்பிடித்தான் தப்பினது. பிரபுமார் ராசாவுக்குத் தாங்கள் விசுவாசம் எண்டு காட்டத் தங்கட மண்டபங்களில கொப்பி கீறுவிச்சு மாட்டினவை, அவையின்ர நோக்கம் என்னவா இருந்தாலும் சுவர் எரிஞ்சபோது படம் நாலைஞ்சு ஊரில உயிரோட இருந்தது.

எங்கட யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவுக்குப் பிறகு எரியேக்க ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் அதில இருந்தது. அச்சடிச்ச புத்தகத்துக்கு வேறை எங்கயாவது பிரதி இருந்தால் தேடி எடுக்கலாம், ஒரேயொரு ஏடா இருந்ததை எங்க போய்த் தேடுறது. 2005 இல இருந்து நூலகம் எண்ட பேரில இணையத்தில எங்கட பழைய புத்தகங்கள், பத்திரிகையளை ஸ்கான் பண்ணி ஏத்திக்கொண்டு வருகினம், அதில வேலை செய்யிற ஒவ்வொரு பிள்ளையும் எனக்கு ஒரு லீம்புட்தான். கொப்பி மதிப்புக் குறைவு எண்டு எனக்கு முன்னால ஆரும் சொல்லாதேங்கோ.

எங்கட சங்கிலி மன்னனுக்கு ஏன் இப்பிடி ஒரு படம் இல்லை?

ஒவ்வொரு வருசமும் ஒரு பிள்ளையாவது கேக்கும், கேக்க வேணும். முதலாம் சங்கிலி நல்லூரில அரசு செய்தது 1519 இல இருந்து 1561 மட்டில எண்டு சொல்லுவினம், ஹென்றி அரசு செய்தது 1509 இல இருந்து 1547 வரை. ரெண்டு பேரும் ஒரே காலம். ஹோல்பைன் வைட்ஹோலில சுவருக்கு மை தொடேக்க நல்லூரில சங்கிலி இருந்தவர்.

எங்கட ராசாக்கள் தங்கட முகத்தைக் கீறுவிச்சு ஆக்களுக்குக் காட்டினதா எங்களுக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தியளின்ர காசுகளில நந்தியையும் சேது எண்ட எழுத்தையும் காணலாம், சில காசில நிக்கிற ஆள் உருவம் இருந்தாலும் அடையாளம் காணக்கூடிய முகம் இல்லை. அரசு எண்டால் அவையளுக்கு நந்தி, சேது, கோயில், அவ்வளவுதான். ஹென்றிக்கு அரசு எண்டால் தன்ர உடம்பும் முகமும். ரெண்டும் ரெண்டு விதமான அரசு, ஒண்டைக்கொண்டு மற்றதைக் குறைச்சு மதிக்கத் தேவையில்லை.

1619 இல யாழ்ப்பாணம் போர்த்துக்கேயற்ற கையில விழுந்து, ரெண்டாம் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய் மரணதண்டனை குடுத்தவை, நல்லூர்க் கோயிலையும் இடிச்சவை. அரண்மனைச் சுவரில ஏதும் கீறியிருந்தாலும் அதைப் பாத்துக் கீறி வைக்க ஒரு லீம்புட் எங்களுக்கு இருக்கேல்லை. முத்திரைச் சந்தியில குதிரையில இருக்கிற சிலையும், கலண்டரில புத்தக அட்டையில பாக்கிற படமும் பிற்காலத்து ஆக்கள் மனசால கண்டு செய்தது. அதில எனக்கு மரியாதை இருக்கு, ஆனா பிள்ளையளிட்ட "இதுதான் சங்கிலியின்ர முகம்" எண்டு சொல்லிக் குடுக்காதேங்கோ.

ஹோல்பைன் கீறின பொம்பிளைப் படத்தைப் பாத்துத்தான் ராசா ஏமாந்து கலியாணம் கட்டினவராமே?

ஆன் ஒப் கிளீவ்ஸ். 1539 இல ஜேர்மனிக்கு ஹோல்பைனை அனுப்பிக் கீறுவிச்ச படம், இப்ப பாரிஸ் லூவரில இருக்கு. 1540 ஜனவரியில கலியாணம், ஜூலையில ரத்து. எங்கட கலியாணப் பேச்சுகளில போட்டோ மாத்திறது எல்லாருக்கும் தெரியுமெண்டபடியால் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் எல்லாரும் நிமிர்ந்து இருப்பினம். ஆனா ஓவியரைத் தண்டிச்சதா ஒண்டும் இல்லை, தலை போனது கலியாணத்தை ஒழுங்கு செய்த மந்திரி தோமஸ் குரோம்வெல்லுக்கு, அதுக்கும் வேறை அரசியல் காரணங்கள் இருந்தது. ஆன் பிறகு இங்கிலாந்திலயே வசதியா இருந்து ஹென்றிக்குப் பிறகுதான் காலமானவா.

ஹம்டன் கோர்ட் அரண்மனையில ஹென்றி தன்ர பிள்ளையளோட இருக்கிற படம் ஒண்டு பாத்தன், அதுவும் இதோ?

இல்லை, அது 1545 மட்டில வேறை ஒராள் கீறினது, கீறினவற்ற பேர் இல்லை. நடுவில ஹென்றி, பக்கத்தில மகன் எட்வேர்ட், மற்றப் பக்கம் ஜேன் சீமோர், ரெண்டு ஓரத்திலயும் மகள்மார் மேரியும் எலிசபெத்தும். ஜேன் செத்து அப்பவே எட்டு வருசம், அந்த நேரம் ராசாவின்ர மனிசி கதரின் பார். உயிரோட இருந்த மனிசியை விட்டிட்டு, மகனைப் பெத்துத் தந்தவாவைப் பக்கத்தில இருத்திக் கீறுவிச்சிருக்கிறார். கதரின் அந்தப் படத்தை ஒவ்வொரு நாளும் கடந்து போயிருப்பா எண்டு நினைச்சால் எனக்குச் சரியான கவலை.

லண்டன் போறன், ஒரு நாள்தான் இருக்கு. எதைப் பாக்கிறது?

பேப்பர்ப் படத்தைப் பாருங்கோ. தேசிய உருவப்பட கலரி, ட்ரபால்கர் சதுக்கத்துக்குப் பக்கத்தில, பொது அனுமதிக்குக் காசு இல்லை. போக முந்தி அது காட்சிக்கு இருக்கோ எண்டு அவையின்ர இணையத்தில ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ, பேப்பர் வேலை எண்டபடியால் வெளிச்சத்தால பழுதாகாமப் பாக்க வேணும். நேரம் கூட இருந்தால் கோச்சி எடுத்து லிவர்பூலுக்குப் போங்கோ, அங்கயும் இலவசம். போட்டோ எடுக்கேக்க முழுசா ஒண்டு எடுத்திட்டுப் பிறகு ஊசி ஓட்டை, கை, சப்பாத்து எண்டு கிட்டவா எடுத்து அனுப்புங்கோ, நீங்கள் முன்னால நிக்கிற செல்பி எனக்கு வேண்டாம்.

மகள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இதைக் கீறப் போறா. எதைப் பாத்துக் கீறலாம்?

லிவர்பூல் கொப்பியைப் பாத்து. படம் தெளிவா இணையத்தில கிடைக்கும். கட்டம் போட்டுக் கீறச் சொல்லுங்கோ, ஆனா முகத்தில தொடங்க விடாதேங்கோ, எல்லாப் பிள்ளையளும் முகத்தில தொடங்கி ஒரு மணித்தியாலம் கண்ணோட மினக்கெட்டுப் பிறகு கால் வைக்க இடமில்லாம அழுவினம். முதல் தோளின்ர ரெண்டு முனையையும் ரெண்டு சப்பாத்தையும் குறிக்கச் சொல்லுங்கோ, அந்த நாலு புள்ளி சரியா விழுந்தால் ராசா நிண்டிடுவார். உடுப்பின்ர பூவேலையைக் கடைசிக்கு விடலாம். கீறி முடிஞ்சு கீழ பேர் எழுதேக்க "ஹோல்பைன்ர சுவர்ப் படத்தின்ர லிவர்பூல் கொப்பியைப் பாத்துக் கீறினது" எண்டு, தன்ர பேரையும் வருசத்தையும் சேத்து எழுதச் சொல்லுங்கோ. லீம்புட்டும் தன்ர கொப்பியில பேரும் வருசமும் எழுதினவர்.